ரிம்மின் மேல் ஒரு சொட்டு டீ

ஏனுங்க,

கூடத்தில் உங்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு சக்கரங்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. கன்னங்கரேலென்று, விளிம்பு அகலமாக, புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே அந்த வாசனையோடு. கார்பன் சக்கரமாம். நேற்றுத்தான் தாரணி கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். காலையில் கூட்டுவதற்காக ஒன்றை நகர்த்தினேன். கனமாக இருக்கும் என்று நினைத்து இழுத்ததில் அது கையோடு வந்து நெற்றியில் இடித்தது. எடை என்று ஒன்றே இல்லை. நீங்களாக இருந்தால் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நான் அதை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இதன்மேல் உட்கார்ந்துதான் உங்கள் மகள் நாளைக் காலையில் கோத்தகிரி மலையிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கப்போகிறாள்.

உங்களுக்கென்ன, போய்விட்டீர்கள். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டியவள் நான்தான்.

சக்கரங்கள் தாரணியின் கல்லூரியில் மேல் வகுப்புப் படிக்கும் ஒருத்தியுடையவை. அவள் வேறு வண்டி வாங்கிவிட்டதால் நமக்குக் கட்டுப்படியாகும் விலைக்கே தருகிறாள். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சைக்கிள் பந்தயம் அடுத்த மாதம் வருகிறது. போன தடவை உங்கள் சைக்கிளில்தான் ஓடினாள். கோத்தகிரி கண்ணுக்குத் தெரிகிற கடைசி ஏற்றத்தில் ஒரு பெண் இவளைத் தாண்டிப் போய்விட்டாள். "அவ சக்கரம் பாதி எடதாம்மா" என்று அன்றிலிருந்து ஒரே புலம்பல். உங்கள் பழைய சக்கரங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பழைய சக்கரமே போதும் என்று அடக்கவும் வழியில்லாமல் போய்விட்டது. போன வாரம் உங்கள் சைக்கிளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி உங்கள் முன்சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டினார்.

"அக்கா, இங்க தொட்டுப் பாருங்க. குழி விழுந்திருக்குதுங்க."

தொட்டேன். பிரேக் கட்டை உரசும் இடம் உள்வாங்கி, தேய்ந்த அம்மிக்கல் மாதிரி இருந்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்தே அலுமினியம் கரைந்துவிட்டதாம். "இனி இதுல எறங்கக்கூடாதுங்க. ஒரு நாளைக்கு வெடிச்சிரும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கையில் அப்பிக்கொண்டு வருமே ஒரு கறுப்பு மை, வாசல் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே உங்களைத் திட்டுவேனே, அது வெறும் ரப்பர் என்றல்லவா நினைத்திருந்தேன்? சக்கரமே கொஞ்சம் கொஞ்சமாகக் கையோடு வந்திருக்கிறது. மீதி அந்த ரோடு முழுக்க உதிர்ந்து கிடக்கிறது. மெலிந்துகொண்டே போன அந்த ரிம்மை நம்பித்தான் போன பந்தயத்துக்கு இவளை அனுப்பினேன் என்று நினைத்ததும் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப என்னதான் வாங்கறதுங்க தம்பி?"

வசதி இருந்தால் ரிம்மை உரசாத டிஸ்க் பிரேக் வைத்த வண்டியாகவே வாங்கிவிடலாம் என்றார். வசதி இல்லை என்பதை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அதோடு விட்டுவிட்டார். "ரேஸுக்குத்தானுங்களே? ஏத்தத்துக்குன்னா கார்பன அடிச்சுக்க ஆளில்லீங்க. சக்கரத்தோட ஓரத்துல எட கொறஞ்சா மிதிக்கறப்பவே தெரியுமுங்க." தாரணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போது நீங்கள் சொல்கிற வார்த்தை என் வாயில் வந்து நின்றது. "எங்கூடு மேல இருக்குதுங்க தம்பி."

எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். கீழே இருக்கிறவர்களுக்குச் சைக்கிள் என்றால் முதலில் ஏற்றம். மேலே வந்து இளைப்பாறி, உடம்பு சூடாகி, கண் நன்றாக விழித்த பிறகு இறங்கலாம். மனசில்லாவிட்டால் வேனில் ஏற்றிக்கொண்டும் போகலாம். நமக்குக் கதவைத் திறந்தாலே இறக்கம். தூக்கம் கலையாமல், குளிரில் மரத்துப்போன விரலால் முதலில் பிடிப்பது பிரேக்கைத்தான். ஏறுவது வீடு திரும்பும்போது. "சக்கரம் வாங்கறவன் எடயப் பாக்கறதுக்கு முன்னால அவனூடு எங்க இருக்குதுன்னு பாக்கோணும் அம்மிணி" என்பீர்கள். நானும் இரண்டு வாரமாகப் போனில் சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிராம் கிராமாகப் பேசுகிறார்கள். வீடு மேலேயா கீழேயா என்று ஒருத்தரும் கேட்கக் காணோம்.

தம்பி சக்கரத்தை மறுபடி கையில் எடுத்தார். "அப்படீங்களா? அப்ப இன்னொண்ணு பண்ணலாமுங்க" என்றார். உங்கள் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டும் இன்னும் நன்றாக இருக்கின்றனவாம். சுற்றிவிட்டுக் காட்டினார், சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, எடை குறைந்த அலுமினிய ரிம்மும் மெல்லிய கம்பிகளும் புதிதாகப் போட்டுக் கோத்துத் தரலாம் என்றார். பழையதைவிட நன்றாகவே இலேசாக இருக்கும். கார்பன் அளவுக்கு வராது. "ஆனா சூட்டத் தாங்குமுங்க" என்றார். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தாரணி பேசினாள். "எல்லாத்துக்கும் அப்பாவையே இழுக்காதம்மா." அடுத்த வாரமே இந்தக் கறுப்புச் சக்கரங்களோடு வந்து நிற்கிறாள்.

அவளை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? எடைப் பைத்தியம் உங்களிடமிருந்து வந்ததுதான். நீங்கள் கணக்கு எழுதிய தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை மூட்டையை நிறுக்கும் தராசில் உங்கள் சக்கரங்களைத் தொங்கவிட்டு எடை பார்த்தவர் அல்லவா நீங்கள்? முள் அசைந்தும் அசையாமலும் நின்றதாம். ஈர இலைக்கும் சாக்குக்கும் எடையில் கழிக்கிறீர்கள் என்று இலை கொண்டுவருகிறவர்களுக்கு எப்போதும் உங்கள்மேல் ஒரு கோபம் உண்டு. "ஏனுங்க சார், சக்கரத்துக்குக் கழிவு இல்லீங்களா?" என்று வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டுவிட்டாள். அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு என் சமையலறைத் தராசில் பெடல் உட்கார்ந்தது, சீட் உட்கார்ந்தது. மணியைக் கழற்றி ஜன்னலில் வைத்தீர்கள். "வயித்துல ரெண்டு கிலோ கொறைங்க, சும்மாவே கெடைக்கும்" என்று நான் சொன்னால் மட்டும் காது கேட்காது.

நீங்கள் இறங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் ஸ்கூட்டரில் நான். வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். வீட்டில் உட்கார்ந்து போன் எப்போது அடிக்குமோ என்று சாவதைவிடப் பின்னால் வருவது மேல் என்று நான் பிடிவாதமாக வந்தேன். முன்னால் கூடையில் பிளாஸ்க். தேயிலைக்கு நடுவே உங்கள் முதுகு வளைவில் மறையும். அடுத்த திருப்பத்தில் மறுபடி தெரியும்வரை எனக்கு மூச்சு வராது. கீழேயிருந்து லாரி ஹாரன் கேட்டால் கை தானாக பிரேக்கை நசுக்கும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் அது உங்கள் சைக்கிளா, என் ஸ்கூட்டரா, முன்னால் போன வேனா என்று தெரியாது. அதற்குள் மனசு ஆஸ்பத்திரி வரைக்கும் போய், யார் யாருக்குச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டுத் திரும்பி வரும். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது.

சில்வர் ஓக் மரங்கள் முடிகிற கொண்டை ஊசி வளைவில் நிற்பீர்கள். பனியானாலும் தூறலானாலும் அங்கே நிற்காமல் போனதில்லை. நான் வந்து சேர்ந்ததும் பிளாஸ்க்கை வாங்கித் திறந்து, விரலை நனைத்து, ரிம்மின் மேல் ஒரு சொட்டு டீ விடுவீர்கள். சூடு ஏறியிருந்தால் சொட்டு 'சுர்'ரென்று கொதிக்குமாம். கொதித்தால் ஆறும்வரை நிற்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளே டியூப் வெடித்துவிடுமாம். சொட்டை விட்டுவிட்டுப் பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டுவீர்கள். "இன்னும் சூடு இருக்குது அம்மிணி. ஒரு டம்ளர் குடி." ஒரு நாள்கூட அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதில்லை. ஹெல்மெட் காதை மூடியிருப்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். குடிப்பேன். ஃபேக்டரியில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த எஸ்டேட்டில் காட்டுமாடு வந்தது என்று ஊர்க்கதை எல்லாம் பேசுவீர்கள். நான் டம்ளரைக் கழுவிப் பிளாஸ்க்கை மூடிய பிறகுதான் "இப்ப ஆறிருச்சு" என்று கிளம்புவீர்கள்.

கடைசியில் அந்த ரோட்டில் உங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஃபேக்டரி ஆபீஸில், நாற்காலியில், எதிரே வைத்த டீ ஆறிப்போக, அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். "சைக்கிள் ஓட்டறவருக்கே நெஞ்சு வலின்னா நாமெல்லாம் எம்மாத்திரம்" என்று வந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். எனக்குள் ஓடியது வேறு. இத்தனை வருஷமும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேனே, நாற்காலியை யார் பார்த்தார்கள்? காவல் நின்ற வாசலை விட்டுவிட்டுச் சாவு வேறு வாசல் வழியாக வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து என் பயத்துக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. தாரணி தும்மினால் வருகிறது. குளியலறையில் நேரமானால் வருகிறது. ஞாயிறு சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று அவள் சொல்லும்வரை ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். கையில் பணமில்லை என்று ஒரு பொய் போதும். ஆனால் அந்தச் சக்கரங்களை இரவல் வாங்கி, எனக்குத் தெரியாமல், நான் பின்னால் வராத ஒரு நாளில் இறங்கினால் என்ன செய்வது? "ஒரே ஒரு தடவ எறங்கி ஏறிப் பாக்கறேம்மா. நீயும் பின்னாடி வா. சரியில்லைன்னா திருப்பிக் குடுத்தர்றேன்" என்கிறாள். இந்த வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது என்று உங்களைத்தான் கேட்கிறேன். இதற்கு மேல் எழுத ஓடவில்லை. பிளாஸ்க்கைத் தேடிக் கழுவ வேண்டும்.

*

அவள் நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதை எழுதுகிறேன்.

காலையில் சக்கரத்தோடு வந்த தனிப் பிரேக் கட்டைகளை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். ரோடு காய்ந்திருந்தது, பனி மட்டும் தேயிலை மேல் படிந்து கிடந்தது. உங்களைவிட வேகம். முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பிறகு மறைந்ததோடு சரி. சில்வர் ஓக் வளைவுக்கு வந்து பார்த்தால் ஆள் இல்லை. கைப்பிடிச் சுவர் வெறிச்சென்று கிடந்தது. அங்கே நிற்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேனே தவிர, அவள் நிற்பதாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வளைவிலும் இல்லை. அதற்கடுத்த வளைவிலும் இல்லை. கீழேயிருந்து மேட்டுப்பாளையம் பஸ் ஏறி வந்தது. ஏதாவது ஆகியிருந்தால் பஸ் நின்றிருக்கும், நிற்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் தாண்டிய பிறகு ஆகியிருந்தால்? அப்போது ஒரு வாசனை வந்தது. ரப்பர் கருகும் வாசனை எனக்குப் பழக்கம். இது அது இல்லை. பிளாஸ்டிக் வாளி அடுப்பில் பட்ட மாதிரி. கை நடுங்கி ஸ்கூட்டர் ஆடியது. காலை ஊன்றி நிறுத்தி, இரண்டு வாய் மூச்சு விட்டுத்தான் மறுபடி கிளம்பினேன். சத்தமாகவே உங்களைக் கூப்பிட்டேன். ரோட்டில் யாருமில்லை, நல்லவேளை.

இன்னும் கீழே ஒரு திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக, இரண்டு காலில். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

"பிரேக் புடிச்சா விட்டு விட்டுக் கவ்வுதும்மா. என்னமோ உருகற மாதிரி வாசம். பயந்து நிறுத்திட்டேன்."

வழியெல்லாம் திட்டுச் சேர்த்துவைத்தவள், கூடையிலிருந்து பிளாஸ்க்கைத்தான் எடுத்தேன். "டீ குடு" என்று கையை நீட்டினாள். குடிப்பதற்கு என்று நினைத்தேன். அவள் விரலை நனைத்து ரிம்மின் மேல் ஒரு சொட்டு விட்டாள்.

'சுர்'ரென்றது.

என் தலையில் ஹெல்மெட் இருந்தது. காதை மூடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியும் தெளிவாகக் கேட்டது.

தாரணி குனிந்து சக்கரத்தை மெதுவாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஓரம் மட்டும் கொதிக்குதும்மா. ரெண்டு விரல் உள்ள தள்ளிச் சில்லுன்னு இருக்குது. சூடு பரவிப் போக வழியே இல்ல." கடைக்காரத் தம்பி சூட்டைத் தாங்கும் என்று அலுமினியத்தைச் சொன்னது எதற்கு என்று அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஆனால் என் மனசு அங்கே இல்லை.

"அப்பா விட்டா இந்தச் சத்தம் வராதே" என்றேன். "ஹெல்மெட்டுனாலதான் கேக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா நிக்கறது மேலம்மா, சில்வர் ஓக் வளைவுல. அதுவரைக்கும் எறக்கமே கம்மி. அங்க எந்த ரிம்மும் கொதிக்காது."

"அப்பறம் எதுக்குடி நிப்பாரு?"

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு சொன்னாள். "உனக்குக் கை நடுங்குமாம். 'உங்கம்மா என்னயப் பாத்துட்டே ஸ்கூட்டர் ஓட்டுவா, ரோட்டப் பாக்க மாட்டா. அங்க நிறுத்தி ஒரு டீ குடுத்தாத்தான் மீதி வளைவுல ஒழுங்கா வருவா'ன்னு சொல்லுவாரு. உங்கிட்டச் சொல்லிராதேன்னாரு."

அடப் பாவி மனுஷா. நான் உங்களுக்குக் காவல் வருவதாக நினைத்து வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சூடே ஏறாத ரிம்மின் மேல் டீயை விட்டு, தலையை ஆட்டி, என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். அந்த ஊர்க்கதை எல்லாம் அதற்குத்தானா? சுவரில் உட்கார்ந்து அழுதேன். உங்களுக்காக இத்தனை நாளில் அழுததெல்லாம் வேறு, இது வேறு. கோபமும் இருந்தது அதில். சொல்லியிருந்தால் நான் வேண்டுமென்றே இரண்டாவது டம்ளரும் குடித்திருப்பேன்.

சக்கரம் ஆறிய பிறகு தாரணி மேலே ஏறினாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், பறந்தாள். ஏற்றத்தில் அந்தச் சக்கரங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டுக்கு வந்து அவற்றைத் துடைத்துப் பையில் போடும்போது அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. "எப்பிடி ஏறுச்சு தெரியுமாம்மா?" என்றாள். எதுவும் சொல்லிவிடக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஜிப்பை இழுத்து மூடிவிட்டு அவளே சொன்னாள். "என்ன பண்றது, நம்மூடு மேல இருக்குதே."

*

இதை மடித்து உள்ளே வைத்தவள் மறுபடியும் எடுத்திருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.

புதுச் சக்கரங்கள் வந்துவிட்டன. வெள்ளி நிற ரிம், மெல்லிய கம்பிகள், நடுவில் உங்கள் பழைய ஹப். தம்பி கோட்டம் எடுத்துத் தந்ததில், சுற்றிவிட்டால் ஊசி மாதிரி ஓடுகிறது. தாரணி அதை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய் இலைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாளாம். கழிவு போட்டார்களா என்று நான் கேட்கவில்லை. கறுப்புச் சக்கரங்களைவிடக் கனம்தான், நான் தூக்கிப் பார்த்தேன். நெற்றியில் இடிக்கவில்லை. கையில் பொருள் ஒன்று இருக்கிறது என்று தெரிகிறது. அடுத்த ஞாயிறு பந்தயம். இதை வைத்து அந்தப் பெண்ணை முந்துவாளா என்று எனக்குத் தெரியாது. தோற்றால் என்னைத்தான் சொல்வாள் என்ற பயம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இன்று காலையில் முதல் தடவையாக அவற்றில் இறங்கினாள். நான் பின்னால். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. முதுகு மறைந்ததும் மூச்சு நின்றது, ஹாரன் கேட்டதும் கை பிரேக்கை நசுக்கியது, எல்லாம் பழையபடிதான். சில்வர் ஓக் வளைவில் திரும்பினால் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள். நான் வந்து சேர்ந்ததும் கையை நீட்டினாள். பிளாஸ்க்கைக் கொடுத்தேன். விரலை நனைத்தாள்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்க் குனிந்தேன். சொட்டு விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. ரிம்மின் மேல் ஒட்டிக்கொண்டு அப்படியே வழிந்தது.

தாரணி தலையை ஆட்டினாள், நீங்கள் ஆட்டுவது போலவே. சிரிக்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சூடு இருக்குதும்மா. ஒரு டம்ளர் குடி."

"ஆமா, இருக்குது" என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தேன். இரண்டாவது டம்ளரும் ஊற்றிக்கொண்டேன். ஹாஸ்டல் சமையலைப் பற்றி, யாரோ ஒருத்தி யாரோடோ பேசுவதில்லை என்பதைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிளாஸ்க்கை இன்னும் நான்தான் சுமக்கிறேன். பயத்தையும் அதே கூடையில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன், அது இறங்குவதாகத் தெரியவில்லை. நான் டம்ளரைக் கழுவிப் பிளாஸ்க்கை மூடிய பிறகுதான் அவள் கிளம்பினாள்.